ரத்தம் சொல்வது பாதி, சிறுநீர் சொல்வது மீதி: அண்ணனுக்கு எந்தச் சோதனை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அண்ணன் வந்து சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களை விரித்து வைத்தார். ஒன்று, தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் திட்டத்தில் எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு. இன்னொன்று ஈப்போவில் உள்ள ஒரு தனியார் லேப்பின் விளம்பரத் தாள். ஒரே ஊசி, எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள், மாதக் கடைசி வரை சலுகை விலை. “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு. இந்தப் பாக்கேஜ எடுத்துறவா? நீயே பார்த்துச் சொல்லும்மா” என்றார்.

அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் கயிறுபோலப் புடைத்திருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் தண்ணீர் ஓடும் குழாயைத் தொட்டதுபோல அதிரும். அந்த அதிர்வு நிற்கவில்லையே என்று தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது என் வேலை. அண்ணனின் கேள்விக்கு அந்தக் கையை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் தேடினேன்.

நான் டாக்டர் இல்லை. சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். லேப் தாள்கள் என் கை வழியாகத்தான் டாக்டர் மேசைக்குப் போகும். பார்த்துப் பார்த்து, புரியாததை டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கு வந்த குடும்பங்களில் இதே கேள்வியோடு இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது. நாட்டின் மொத்தக் கணக்கு 18.3 விழுக்காடு.

அம்மாவின் தாளில் இருந்த 82

அம்மா முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். ஒல்லியான உடம்பு. 49 வயதில் இனிப்புநீர் என்று தெரிந்தது. அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்தது வேறொரு கிளினிக். வருடம் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். கிரியேட்டினின் என்ற வரிக்கு நேராக எந்த நட்சத்திரக் குறியும் இருக்காது. “கிட்னி நார்மல்தான்மா, மருந்த விடாம சாப்பிடுங்க” என்பார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம்.

57 வயதில் எடுத்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன். கிரியேட்டினின் 82. அளவுக்கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கிரியேட்டினின் என்பது தசை வேலை செய்வதில் உண்டாகும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது அதிகமாக ஊறும், ஒல்லியானவருக்குக் குறைவாக ஊறும். அதனால் அந்த எண்ணை அப்படியே படிக்கக் கூடாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் இஜிஎஃப்ஆர். 2021-இல் வந்த கணக்கு முறைப்படி, அதே 82 முப்பது வயது ஆணுக்கு 114 ஆகிறது. 57 வயது அம்மாவுக்கு அது 72. அந்தத் தாளில் இஜிஎஃப்ஆர் அச்சாகவே இல்லை.

72 என்பதும் தனியாகப் பார்த்தால் நோய் இல்லை. 60-க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால்தான் அந்த எண்ணை மட்டும் வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வார்கள். 60-க்கு மேலே இருப்பவருக்குச் சேதம் தொடங்கிவிட்டதா என்று காட்டுவது வேறொரு சோதனை. சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தை அளப்பது. அம்மாவுக்கு அதை யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. இரண்டாம் வகை இனிப்புநீர் என்று தெரிந்த அன்றே அதை எடுத்து, பிறகு வருடம் ஒரு முறை எடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டிகளில் இருக்கிற விதி. 61 வயதில் கணுக்கால் வீங்கி, கழிவறையில் நுரை கலையாமல் நிற்கிறது என்று அம்மா சொன்னபோது இஜிஎஃப்ஆர் 28.

இந்த நாட்டில் இது அம்மா ஒருவரின் கதை இல்லை. 2018-இல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் தங்களுக்கு அது இருப்பது தெரிந்தவர்கள் 5 விழுக்காடுதான்.

அண்ணனின் தாள்

அண்ணனுக்கு 44 வயது. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஆள் வராத நாளில் குலையையும் அவரே குத்தி ஏற்றுவார். அவருடைய முடிவு இப்படி இருந்தது: வெறும் வயிற்றில் ரத்தத்தில் உள்ள இனிப்பு 6.4, இனிப்பின் சில மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 2.6, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 0.9, யூரிக் அமிலம் 480, கிரியேட்டினின் 84, ரத்த அழுத்தம் 142/88, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். சிறுநீர்ப் பட்டையில் புரதம் இல்லை. இஜிஎஃப்ஆர் 101.

“கிட்னி 101. நூத்துக்கு மேல. நல்லாதானே இருக்கு?” என்றார். அந்த 101-ஐத்தான் நான் அவரிடம் நம்ப வேண்டாம் என்றேன்.

ஏன் என்று விளக்க எனக்குப் பால்மரம்தான் உதவியது. பால் கூடுதலாக வடிய வேண்டும் என்று மரத்துக்கு மருந்து பூசுவார்கள். பூசிய புதிதில் கோப்பை நிரம்பி வழியும். அளவு தெரியாமல் பூசிக்கொண்டே, அடிக்கடி வெட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். நிரம்பி வழிந்த நாள்களில் மரத்தைப் பார்த்து யாரும் அது நோகிறது என்று சொல்ல முடியாது.

சிறுநீரகத்திலும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது, மீதியை உடம்பு திரும்ப இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இனிப்பு கூடும்போது, வடிந்த இனிப்பை உப்போடு சேர்த்துத் திரும்ப இழுக்கும் வேலையும் கூடுகிறது. குழாயின் அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரும் உப்பு குறைந்ததும், ‘வடிகட்டல் போதவில்லை’ என்று சிறுநீரகம் தப்பாக எடுத்துக்கொண்டு, வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் வாசலை அகலத் திறந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வடியும் வேகமும் ஏறுகிறது. அந்த நேரத்தில் இஜிஎஃப்ஆர் பார்த்தால் நன்றாகவே இருக்கும், சிலருக்கு மிக நன்றாகவே இருக்கும். வடிகட்டியின் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும் செல்கள் அழுத்தம் தாங்காமல் உதிரத் தொடங்கி, அல்புமின் துளித்துளியாகக் கசிய ஆரம்பித்திருப்பது அந்த எண்ணில் தெரியாது.

அப்படியென்றால் ரத்தத்தில் மற்ற எண்கள் என்ன சொல்கின்றன? அவற்றில் எதற்காகக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்?

இனிப்பு, கொழுப்பு, யூரிக் அமிலம்

வெறும் வயிற்று இனிப்பு அன்றைய காலையைச் சொல்லும். எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், ஏனென்றால் இனிப்பு ஒட்டியிருக்கும் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் எச்பிஏ1சியைத்தான் எடுப்பேன். முதல் நாள் இரவு சாப்பாட்டைக் குறைத்து அதை ஏமாற்ற முடியாது. மலேசிய வழிகாட்டியில் 5.7 முதல் 6.2 வரை இனிப்புநீருக்கு முந்தைய நிலை, 6.3-இலிருந்து இனிப்புநீர். பல நாடுகளில் 6.5 என்று வைத்திருக்கிறார்கள். இணையத்தில் வெளிநாட்டு அளவைப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னும் வரவில்லை என்று ஆறுதல் அடைபவர்களை மேசையில் பார்த்திருக்கிறேன். அண்ணன் 6.1-இல், வாசல்படியில் நிற்கிறார். ஒரு எச்சரிக்கை: ரத்தசோகை உள்ளவர்களுக்கும் தலசீமியா உள்ளவர்களுக்கும் எச்பிஏ1சி ஏமாற்றும். இரும்புச் சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டும், சிவப்பணு சீக்கிரம் அழிகிறவர்களுக்குக் குறைத்துக் காட்டும். அண்ணிக்கு ரத்தம் குறைவு. அதனால் அவருக்கு எடுக்கும்போது வெறும் வயிற்று இனிப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டிரைகிளிசரைடும் எச்டிஎல்லும் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. நம் மக்கள் கொழுப்புத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். இன்சுலின் சொன்னால் உடம்பு கேட்காத நிலை வரும்போது கொழுப்புச் செல்கள் கொழுப்பை ரத்தத்தில் கொட்டுகின்றன, ஈரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றி அனுப்புகிறது, எச்டிஎல் இறங்குகிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும்வரை இனிப்பு ஏறாது. அதனால் டிரைகிளிசரைடு 1.7-க்கு மேல், எச்டிஎல் ஆணுக்கு 1.0-க்குக் கீழ், பெண்ணுக்கு 1.3-க்குக் கீழ் என்று சேர்ந்து வந்தால், இனிப்பு நார்மல் என்று தாள் சொன்னாலும் சும்மா இருக்கக் கூடாது. நம் இனத்து ஆணுக்கு இடுப்பு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு இனிப்பு, டிரைகிளிசரைடு, எச்டிஎல், ரத்த அழுத்தம், இடுப்பு ஐந்துமே கோட்டைத் தாண்டியிருந்தன. ஐந்தில் மூன்று தாண்டினாலே அதற்கு வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். அப்படிப்பட்டவர்களுக்கு அல்புமின் கசிவும் சிறுநீரக நோயும் மற்றவர்களைவிட அதிகம் வருவது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி.

இதையே ஒரே எண்ணாகச் சுருக்கும் வழி ஒன்று உண்டு. டைஜி குறியீடு என்பார்கள், 2008-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் முன்வைத்தது. வெறும் வயிற்று டிரைகிளிசரைடையும் இனிப்பையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, அதன் இயல் மடக்கையை (கணிப்பானில் ln) எடுக்க வேண்டும். நம் தாளில் உள்ள மில்லிமோல் அளவை முதலில் மில்லிகிராம் அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்: இனிப்பை 18-ஆல், டிரைகிளிசரைடை 88.5-ஆல் பெருக்க வேண்டும். அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன், 9.49 வந்தது. இனிப்பு 5.0, டிரைகிளிசரைடு 1.0 உள்ளவருக்கு 8.29 வரும். இந்தக் குறியீடு ஏற ஏறச் சிறுநீரகச் சேதத்தின் வாய்ப்பும் ஏறுவதாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை. ஏற்கெனவே தாளில் இருக்கும் இரண்டு எண்களிலிருந்து வருவது என்பதால் கைபேசிக் கணிப்பானில் சும்மா போட்டுப் பார்க்கலாம். இதைச் சொல்லி யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒன்று கவனம்: சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு ஏறிவிடும், குறியீடும் கெட்டுப்போகும். காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு வந்து, எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

யூரிக் அமிலம் அண்ணனுக்கு 480. ஆணுக்கு 420 வரை சரி. யூரிக் அமிலம் கூடியவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது அதிகம் என்பது உண்மை. ஆனால் அதை மருந்தால் இறக்கினால் சிறுநீரகம் தப்புமா என்று அல்லோபியூரினால் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் 2020-இல் வெளிவந்தன. இரண்டிலும் சிறுநீரகத்துக்குப் பலன் தெரியவில்லை. மூட்டுவீக்கம் வந்தால் அது வேறு பேச்சு. இல்லையென்றால் இந்த எண்ணை ஓர் அறிகுறியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் ரத்தம் தருவது ஒரு திசை. அண்ணன் போகிற பாதை சிறுநீரகத்தைக் கெடுக்கிற பாதை என்பது அந்தத் தாளிலேயே தெளிவாகிவிட்டது. சேதம் தொடங்கிவிட்டதா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே கேள்விக்கு இன்னும் ஐம்பது ரத்தச் சோதனைகளைக் கூட்டினாலும் பதில் வராது.

சிறுநீர்ப் பட்டையும் ஏசிஆரும்

தாளில் சிறுநீரில் புரதம் இல்லை என்றுதானே இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். அது நிறம் மாறும் பட்டையை முக்கிப் பார்ப்பது. கசிவு நன்றாகக் கூடிய பிறகுதான் பட்டையின் நிறம் தெளிவாக மாறும். தொடக்கத்தில் கசியும் சிறு அளவு அதற்குத் தெரியாது. அதோடு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்துப்போய்ப் புரதம் இன்னும் குறைவாகத் தெரியும்.

ஏசிஆர் என்பது சிறுநீரில் உள்ள அல்புமினையும் அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினினையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுப்பது. தண்ணீர் கூடினால் இரண்டும் சேர்ந்து நீர்த்துப்போகும், விகிதம் மாறாது. ஒரு சின்ன டப்பா சிறுநீர் போதும், பட்டினி வேண்டாம், ஊசி வேண்டாம். விகிதம் 3-க்குக் கீழ் இருந்தால் சரி. 3 முதல் 30 வரை தொடக்கக் கசிவு. 30-க்கு மேல் கடுமையானது. சில லேப்களின் தாளில் ஆணுக்கு 2.5, பெண்ணுக்கு 3.5 என்று தனித்தனிக் கோடு இருக்கும், குழம்ப வேண்டாம். இந்தச் சோதனையால் இன்னொரு நன்மையும் உண்டு. அல்புமின் கசிகிறவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடுதல் என்பதால் இதயத்துக்கும் சேர்த்தே அது எச்சரிக்கிறது.

அதன் குறை, நாளுக்கு நாள் மாறும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தைய நாள் கடும் உடலுழைப்பு, இவற்றில் எது இருந்தாலும் பொய்யாக ஏறும். அதனால் ஒரு முறை வந்ததை வைத்து முடிவு கட்டுவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை எடுத்து அதில் இரண்டு கூடியிருந்தால்தான் உறுதி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது.

சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தச் சோதனையும் உண்டு, விளம்பரத்தில் கூடுதல் கட்டணத்தோடு போட்டிருந்தார்கள். தசையைச் சார்ந்திருக்காததால், அம்மாவைப் போல ஒல்லியானவர்களுக்கும், அண்ணனைப் போலக் குலை தூக்கித் தோள் திரண்டவர்களுக்கும் கிரியேட்டினினைவிடச் சரியாகக் காட்டும். அம்மாவுக்கு 57 வயதில் எடுத்திருந்தால் உதவியிருக்கும். ஆனால் தைராய்டு, ஸ்டீராய்டு மருந்து, உடல் பருமன், சிகரெட் எல்லாம் அதை மாற்றும். இஜிஎஃப்ஆர் 60-க்குச் சற்றுக் கீழே வந்து, இது உண்மையா என்று சந்தேகம் வரும் இடத்தில் டாக்டர் கேட்டு எடுப்பதே சரி. அண்ணனுக்கு இப்போது வேண்டாம்.

பாக்கேஜா, அரசாங்க கிளினிக்கா?

பேனாவை எடுத்துக்கொண்டு அந்த எழுபது வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஈரல், தைராய்டு, மஞ்சள் காமாலை, வாதம், ரத்த வகை, புற்றுநோய்க் குறியீடுகள். எந்த அறிகுறியும் இல்லாதவருக்குப் புற்றுநோய்க் குறியீடுகளைப் பார்ப்பதால் பயம்தான் மிஞ்சும். கொஞ்சம் ஏறியிருந்தால் அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிறுநீரகப் பகுதியில் இருந்தவை யூரியா, கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர், உப்பு அளவுகள், சாதாரணச் சிறுநீர்ச் சோதனை. அண்ணன் சொக்சோவில் இலவசமாக எடுத்ததையே மறுபடியும் காசு கொடுத்து எடுக்கும்படி இருந்தது. ஏசிஆர் மட்டும் அந்த எழுபதில் இல்லை. அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தேன்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டர் எழுதினால் ஏசிஆர் அங்கேயே எடுக்கலாம், முடிவு அவர்கள் கோப்பிலேயே இருக்கும், மருந்து தேவைப்பட்டால் மாதாமாதம் அங்கேயே கிடைக்கும். ஆனால் ஒரு வெள்ளி என்பது முழுக் கணக்கு இல்லை. அண்ணனுக்கு லாரி போகும் நடைக் கணக்கில்தான் சம்பளம். காலையில் எண் எடுத்து, எம்.ஏ. என்கிற மருத்துவ உதவியாளரைப் பார்த்து, டாக்டருக்குக் காத்திருந்து, மறு தேதிக்கு வந்து முடிவு வாங்க இரண்டு நாள் வருமானம் போகும். இதனால்தான் நம் ஆண்கள் போகாமல் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று திட்டிப் பயன் இல்லை.

பெக்கா பி40 திட்டமும் உண்டு. 2019-இல் தொடங்கியது. அரசாங்க உதவித்தொகை பெறும் பட்டியலில் இருக்கும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசமாக ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறார்கள். இதுவரை ஒரு தடவைகூட ரத்தம் எடுக்காத வீட்டுக்காரர், சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா யாராக இருந்தாலும் முதலில் அங்கே அனுப்புங்கள். இனிப்பும் கொழுப்பும் கிரியேட்டினினும் தெரிந்துவிடும். ஆனால் சாதாரணச் சிறுநீர்ச் சோதனை ஏசிஆர் ஆகாது என்பதை மறக்க வேண்டாம்.

நான் அண்ணனுக்குச் சொன்ன வழி இரண்டையும் கலந்தது. முதல் ஏசிஆரை மட்டும் ஊரில் உள்ள ஒரு கிளினிக்கில் காசு கொடுத்து எடுப்பது. டப்பாவைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சரியாக இருந்தால் அடுத்த வருடம் மறுபடியும். கூடியிருந்தால் அந்தத் தாளையும் சொக்சோ தாளையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக். அங்கே கோப்புத் திறந்து, மீதி இரண்டு தடவையையும் மருந்தையும் அங்கேயே பார்த்துக்கொள்வது. பாக்கேஜுக்கு எடுத்து வைத்த காசில் மேல்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கச் சொன்னேன். சிறுநீரகத்துக்காகச் செலவு செய்கிற வெள்ளிகளில் அதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

அண்ணி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “முன்னமே தெரிஞ்சா மட்டும் என்ன பண்ண முடியும்? பயந்துகிட்டே இருக்கணும், அவ்வளவுதானே?” அம்மா காலத்தில் கேட்டிருந்தால்கூட அதற்குப் பதில் இருந்தது, இன்று பதில் இன்னும் வலுவாக இருக்கிறது. இனிப்பை இறுக்கிப் பிடித்தால் சிறுநீரகம், கண் சேதம் குறையும் என்று பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-லேயே காட்டிவிட்டது. லோசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து, இனிப்புநீரால் கெட்ட சிறுநீரகம் மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்று 2001-இல் தெரிந்தது. வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலைத் தளர்த்தி உள்ளழுத்தத்தை அது குறைக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகள் முன்னால் சொன்ன அந்தத் தப்பான சமிக்ஞையையே திருத்துகின்றன: இனிப்பைத் திரும்ப இழுக்காமல் சிறுநீரோடு போகவிட, உள்ளே வரும் வாசல் மறுபடி சுருங்குகிறது. டாபாகிளிஃப்ளோசின் பற்றி 2020-இல் வந்த பெரிய ஆய்வில் இனிப்புநீர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. கசிவு தொடக்க நிலையில் இருக்கும்போது பிடித்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும். யாருக்கு எந்த மருந்து, எப்போது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இன்றே நிறுத்த வேண்டியதும் ஒன்று உண்டு. முதுகு வலிக்கு அண்ணன் லாரியில் ஒரு டப்பா வைத்திருந்தார். டைக்ளோஃபெனாக். குலை ஏற்றிய நாளெல்லாம் இரண்டு. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் உடம்பில் இன்னும் மோசம். அந்த டப்பாவை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ‘கிட்னி சுத்தம்’ என்று விற்கிற பொடிகளையும் தொட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லி வைத்தேன்.

முதல் டப்பாவின் முடிவு அடுத்த வாரம் வந்தது: 6.8. அண்ணன் முகம் சுருங்கிப்போனது. முந்தைய நாள் என்ன வேலை என்று கேட்டேன். ஏற்றுகிற பையன் வரவில்லை, லாரி நிறையக் குலையைத் தானே ஏற்றியதாகச் சொன்னார். அப்படியானால் அந்த 6.8-இல் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு கசிவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாளை அரசாங்க கிளினிக்கில் காட்டினார். டாக்டர் கோப்புத் திறந்து, ரத்த அழுத்தத்தை இரண்டு வாரம் வீட்டில் எழுதிவரச் சொல்லி, அடுத்த டப்பாவுக்குத் திங்கட்கிழமை தேதி கொடுத்தார்.

நேற்று ஞாயிறு. அண்ணன் லாரியை எடுக்கவில்லை, குலை தூக்கவில்லை. அம்மாவோடு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் குடித்தார், முகம் சுளிக்காமல். இன்று காலை ஏழு மணிக்கு, நான் அம்மாவின் கையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி கைபேசியில் படம் அனுப்பினார்: பெயர் எழுதி மூடிய டப்பா, பக்கத்தில் ரத்த அழுத்தக் கருவி, திரையில் 136/84.